ஒரே நோட்டில் மூன்று வேலை வேண்டாம்

கேள்வி: வணக்கங்க அக்கா. திருப்பூரில் மூன்று வருஷமாகக் கவுன்சிலிங் செய்கிறேன். எம்.எஸ்ஸி. சைக்காலஜி. மெடிக்கல் கடைக்கு மேலே மாடியில் ரெண்டு ரூம். ஒரு நாளைக்கு அஞ்சாறு பேர் வருகிறார்கள், பாதிப் பேர் பனியன் கம்பெனி ஆட்கள். செஷன் நோட்ஸ்தான் எனக்குப் பெரிய தலைவலி. கொஞ்சம் நோட்டில், கொஞ்சம் துண்டுச்சீட்டில், கொஞ்சம் எனக்கு நானே அனுப்பிக்கொண்ட வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜில் கிடக்கிறது. ராத்திரி வீட்டுக்குப் போய் எழுதலாம் என்றால் காலையில் வந்தவர் சொன்னதும் மத்தியானம் வந்தவர் சொன்னதும் குழம்பிவிடுகிறது. போன வாரம் ஒருவர் வந்து, "எங்க வீட்டுக்காரம்மா உங்ககிட்ட என்ன சொன்னாங்கன்னு எழுதி வெச்சிருப்பீங்கள்ல, காட்டுங்க" என்று உட்கார்ந்துவிட்டார். எங்கள் சித்தப்பாவுக்குத் தெரிந்தவர் வேறு. எப்படி ஒழுங்கு பண்ணுவது? நல்ல ஆப் இருந்தாலும் சொல்லுங்கள்.
(பெயர் வேண்டாம், திருப்பூர்)

பதில்: ஆப் கேட்டீர்கள் கண்ணு, அதைக் கடைசியில் பார்ப்போம். இப்போதிருக்கும் குழப்பத்தை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றினால் அது கம்ப்யூட்டரில் இருக்கிற குழப்பம், அவ்வளவுதான். உங்கள் கடிதத்தைப் படித்தால் நேரப் பற்றாக்குறை பாதிக் காரணம்தான் என்று தெரிகிறது. யார் எப்போது வருகிறார், எவ்வளவு ஃபீஸ் என்பது ஒரு எழுத்து. இன்றைக்கு என்ன பேசினோம், என்ன செய்தோம் என்பது இன்னொரு எழுத்து. "எனக்கு ஏன் இவரைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது, எங்க பெரியப்பா ஞாபகம் வருகிறதா" என்று நீங்களே உங்களிடம் கேட்டுக்கொள்வது மூன்றாவது. இந்த மூன்றையும் ஒரே நோட்டில் போட்டுக் கலக்குகிறீர்கள். முதலாவதை உங்கள் ரிசப்ஷன் பெண் பார்க்கலாம், இரண்டாவதை நாளைக்குக் கிளையன்டே கேட்டு வாங்கிப் படிக்கலாம், மூன்றாவதை உங்கள் சூப்பர்வைசரை, அதாவது உங்கள் கேஸ்களைக் கலந்து பேசும் மூத்த கவுன்சிலரைத் தவிர யாரும் பார்க்கக் கூடாது. படிக்கப்போகும் ஆள் வேறு என்றால் எழுதும் இடமும் வேறாகத்தான் இருக்க வேண்டும்.

முதலாவது சுலபம், சீக்கிரம் முடித்துவிடலாம். அப்பாயின்ட்மென்ட் நோட்டு ரிசப்ஷன் மேஜையில் விரித்தபடி கிடக்கும், எதிரே உட்கார்ந்திருப்பவர் தலைகீழாகவே எல்லாப் பெயரையும் படித்துவிடுவார். நம்ம ஊரில் ஒருத்தரைப் பார்த்ததும் எந்தூருங்க, எந்தக் கூட்டமுங்க, யார் வீட்டுப் பையன் என்று கேட்டுத்தானே பேச்சே தொடங்குகிறது. அதனால் பெயரை மட்டும் மறைத்தால் போதாது. "பல்லடம் பக்கம், கறிக்கோழிப் பண்ணை, ஒரே மகள் பெங்களூரில்" என்று மூன்று விவரம் போதும், ஈரோட்டில் ஏதோ ஒரு கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்திருப்பவர் ஆளைச் சொல்லிவிடுவார். ஆகவே ஒவ்வொருவருக்கும் ஒரு எண். 25-014 என்றால் 2025-ல் வந்த பதினான்காவது ஆள். ஊர், இனிஷியல், கம்பெனிப் பெயர் எதுவும் அந்த எண்ணுக்குள் வேண்டாம். எந்த எண் யாருடையது என்பது ஒரு சின்ன நோட்டில் இருக்கட்டும், அந்த நோட்டு ஃபைல்கள் இருக்கும் பீரோவில் இருக்கக் கூடாது.

போனில் "கவுன்சிலிங் சாந்தி" என்று பெயர் பதிந்து வைத்திருந்தால் மாற்றிவிடுங்கள். ஜிபே-யில் பணம் வாங்கும்போது குறிப்பில் "கவுன்சிலிங் ஃபீஸ்" என்று போடச் சொல்லாதீர்கள், வீட்டில் ஒருவர் போனை இன்னொருவர் எடுத்துப் பார்க்கிற ஊர் இது.

இரண்டாவதுதான் உண்மையான ஃபைல், இதற்குத்தான் நிதானமாக உட்கார வேண்டும். முதலில், கட்டு நோட்டை விடுங்கள். கட்டு நோட்டில் பத்துப் பேர் கதையை அடுத்தடுத்து எழுதிவிட்டு, நாளைக்கு ஒருவர் "என் ரெக்கார்டு வேணுங்க" என்று வந்தால் எப்படிக் கொடுப்பீர்கள்? மற்ற ஒன்பது பேரையும் சேர்த்தா ஜெராக்ஸ் போடுவது? ஆளுக்கு ஒரு டேக் ஃபைல், தனித்தனி ஏ4 தாள், ஒவ்வொரு தாளின் தலையிலும் எண், தேதி, பக்கம். ஃபைலின் முதல் தாள் மட்டும் கொஞ்சம் உழைத்துச் செய்ய வேண்டியது: என்ன பிரச்சினைக்கு வந்தார், என்ன மாத்திரை எந்த டோஸ், எந்த டாக்டர், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடலாம் என்று அவரே சொன்ன ஆள், சம்மதப் படிவம் கையெழுத்தான தேதி. மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 கேள்வித்தாளைப் போடுகிறீர்கள் என்றால் அந்த மதிப்பெண்ணும் தேதியோடு இங்கேயே ஒன்றன்கீழ் ஒன்றாக வரட்டும். 18, 15, 16, 11 என்று இறங்குவது ஒரே பார்வையில் தெரியும். அதே தாளில், தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணத்தைக் கேட்கும் ஒன்பதாவது கேள்விக்கு வந்த எண்ணைத் தனியாக எழுதுங்கள், மொத்தம் குறைந்தாலும் இது மட்டும் குறையாமல் நிற்பது உண்டு.

செஷன் நோட்ஸுக்குக் காலேஜில் சோப் (SOAP), டேப் (DAP) என்றெல்லாம் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். சோப் முறை 1960-களில் லாரன்ஸ் வீட் என்ற அமெரிக்க மருத்துவர் மருத்துவமனை ஃபைல்களை ஒழுங்குபடுத்தக் கொண்டுவந்ததிலிருந்து வந்தது. அதில் நாலு பகுதி: கிளையன்ட் சொன்னது, நான் பார்த்தது, நான் நினைப்பது, அடுத்துச் செய்யப்போவது. டேப்பில் முதல் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். எதை எடுத்தாலும் சரி, எல்லா ஃபைலிலும் அதே ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒரு உதாரணம், கற்பனைதான். செக்கிங் டேபிளில் வேலை பார்க்கும் ஒரு பெண். ராத்திரி களைப்பில் எழுதினால் நோட்ஸ் இப்படி இருக்கும்: "பாவம், நல்ல பொண்ணு. புருஷன் குடிகாரன், மாமியார் ராட்சசி. அந்தக் குடும்பம்தான் பிரச்சினை. ரொம்ப அழுதார்." இதை அடுத்த வாரம் எடுத்துப் படித்தால் உங்களுக்கு எதுவும் கிடைக்காது. புருஷனை நீங்கள் பார்த்ததே இல்லை, குடிகாரன் என்று தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். நாளைக்கு விவாகரத்து வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல் கையில் இந்தத் தாள் போனால், அவர் அந்தப் பெண்ணை விட்டுவிட்டு உங்களைத்தான் கேள்வி கேட்பார்.

இப்படி எழுதிப் பாருங்கள்: "25-014. ஆறாவது செஷன், 50 நிமிடம், நேரில், தனியாக. ஷிப்மென்ட் வாரம் என்பதால் மூன்று நாள் நைட் வேலை பார்த்ததாகச் சொன்னார். தூக்கம் நாலு மணி நேரம். படபடப்பு இந்த வாரம் இரண்டு தடவை, இரண்டும் வேலை இடத்தில், சூப்பர்வைசர் சத்தம் போட்ட பிறகு. கணவர் வாரத்தில் மூன்று நாலு நாள் குடித்துவிட்டு வருவதாகவும், அடித்ததில்லை என்றும் சொன்னார். பேசும்போது விரல்களைப் பிசைந்துகொண்டிருந்தார், போன தடவையைவிடக் குரல் தெளிவு. மூச்சுப் பயிற்சியை இங்கேயே செய்தோம், படபடப்பு பத்துக்கு எட்டிலிருந்து ஐந்துக்கு இறங்கியதாகச் சொன்னார். வீட்டில் செய்ய: படபடப்பு வந்த நேரம், இடம், அப்போது மனதில் ஓடியது, மூன்றையும் குறித்து வருவது. அடுத்து வியாழன்." முக்கால் பக்கம்கூட இல்லை. அழுததை எழுதவில்லை என்று பார்க்காதீர்கள், அழுகை எந்த இடத்தில் வந்தது என்பது சிகிச்சைக்கு வேண்டும் என்றால் எழுதுங்கள், நீங்கள் கலங்கிப்போனீர்கள் என்பதற்காக எழுத வேண்டாம்.

மூன்றாம் ஆட்களின் பெயரை ஃபைலில் எழுதவே வேண்டாம். கல்யாணத்துக்கு வெளியே ஒரு உறவு இருக்கிறது என்று ஒருவர் மனம் திறந்து சொல்கிறார் என்றால், அந்த இன்னொரு ஆளின் பெயர், கடை, தெரு எதுவும் உங்களுக்குச் சிகிச்சைக்கு உதவாது. "உறவுச் சிக்கல் ஒன்றைப் பற்றிப் பேசினோம்" என்ற ஒரு வரி உங்களுக்கு ஞாபகம் வரப் போதும்.

குறைத்து எழுதச் சொல்கிறேன் என்றாலும் ஒரே ஒரு இடத்தில் மட்டும் நிறைய எழுதச் சொல்வேன். அது உயிர் சம்பந்தப்பட்ட இடம். "தற்கொலை எண்ணம் இல்லை" என்று மொட்டையாக ஒரு வரி எழுதுபவர்கள் நிறைய, அதைப் படித்தால் கேட்டு எழுதினார்களா, கேட்காமலே எழுதினார்களா என்று தெரியாது. நீங்கள் என்ன கேட்டீர்கள், அவர் என்ன சொன்னார் என்பதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள்: "செத்துப்போலாம்னு சில நேரம் தோணுங்க, ஆனா புள்ளைய நெனச்சா மனசு வராதுங்க." பிறகு, திட்டம் ஏதாவது இருக்கிறதா, முன்பு முயன்றிருக்கிறாரா, வீட்டில் என்ன இருக்கிறது. நம்ம பக்கம் தோட்டத்துக் குடும்பம் என்றால் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில் பூச்சி மருந்து இருக்கும், அதைக் கேட்காமல் விடக் கூடாது. யாரிடம் சொல்லி அதை அப்புறப்படுத்தினோம், யார் இரண்டு நாளைக்குக் கூட இருக்கிறேன் என்றார், அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416-ஐக் கொடுத்தோமா, மனநல மருத்துவரிடம் அனுப்பினோமா, அடுத்து எப்போது நாமே போன் செய்து விசாரிக்கிறோம். செய்ததையும் எழுதுங்கள், செய்ய வேண்டாம் என்று முடிவெடுத்ததையும் காரணத்தோடு எழுதுங்கள். "இன்று அட்மிஷன் தேவைப்படவில்லை, ஏனென்றால்" என்று தொடங்கும் ஒரு வாக்கியம் பின்னால் உங்களுக்கும் அவருக்கும் நிறைய உதவும்.

குழந்தைகள் விஷயம் ஒன்று. பாலியல் துன்புறுத்தல் என்று ஒரு குழந்தை சொன்னால் அங்கே ரகசியம் கிடையாது. 2012 போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி தெரிந்த யாராக இருந்தாலும் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். அன்றைக்கு நோட்ஸில் குழந்தை சொன்னது குழந்தையின் வார்த்தையில், அதற்கு முன் நீங்கள் கேட்ட கேள்வி உங்கள் வார்த்தையில், மணி, யாருக்கு எப்போது தகவல் கொடுத்தீர்கள் என்பது, எல்லாம் அன்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். மறுநாளைக்குத் தள்ளக் கூடாத ஒரே நோட்ஸ் எது என்று கேட்டால் இதைச் சொல்வேன்.

இனி மூன்றாவது எழுத்து, உங்கள் சொந்தச் சிந்தனை. அமெரிக்காவில் சிகிச்சையாளர் மற்ற ரெக்கார்டிலிருந்து பிரித்து வைக்கும் இந்த மாதிரிக் குறிப்புக்குச் சட்டத்திலேயே தனிப் பாதுகாப்பு உண்டு. அதைப் படித்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நம்மவர்கள் சிலர் பேசுகிறார்கள், இல்லை. நம் பழைய சாட்சியச் சட்டம் வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் நடுவில் உள்ள பேச்சுக்குக் கொடுத்த பாதுகாப்பை நமக்குக் கொடுக்கவில்லை, 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியமும் கொடுக்கவில்லை. தனி நோட்டில் எழுதிவிட்டால் கோர்ட்டுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு மனதில் பட்டதையெல்லாம் கொட்டாதீர்கள். சூப்பர்விஷனுக்குக் கொண்டுபோக வேண்டிய கேள்வியை மட்டும், எண்கூடப் போடாமல், இரண்டு வரியில் எழுதுங்கள். பேசி முடித்த அன்றே அந்தத் தாளைக் கிழித்துப்போடுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

நேரத்துக்கு வருவோம். அஞ்சாறு பேரை அடுத்தடுத்து உட்காரவைத்துவிட்டு ராத்திரி எழுதுவது யாராலும் முடியாது. செஷன் 50 நிமிடம், அடுத்த ஆள் அடுத்த மணிக்குத்தான், நடுவில் இருக்கும் பத்து நிமிடம் நோட்ஸுக்கு. "அக்கா, டீ குடிக்கவே நேரமில்லை" என்பீர்கள். அப்படியானால் ஒரு ஆளைக் குறையுங்கள், நோட்ஸ் எழுதும் நேரமும் ஃபீஸுக்குள் அடங்கிய வேலைதான். பேசும்போதே எழுதலாமா என்றால், 1912-லேயே பிராய்ட் செஷனில் முழுசாகக் குறிப்பெடுப்பதை வேண்டாம் என்று சொல்லிவிட்டார், எழுதுவதற்காகப் பொறுக்கும்போதே காது பாதி மூடிவிடும் என்பது அவர் கவலை. நான் அந்த அளவுக்குப் போகமாட்டேன். மாத்திரை டோஸ், தேதி, அவர் சொன்ன ஒரு முக்கியமான வாக்கியம், இதை மட்டும் அவர் கண்ணெதிரே குறித்துக்கொள்ளுங்கள். பேனா எடுத்ததும் அவர் பேச்சு நின்றால் பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள்.

சரி, வந்து உட்கார்ந்த அந்த வீட்டுக்காரர். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. விதிவிலக்குகள் உண்டு: கூடச் சிகிச்சை பார்க்கும் மருத்துவர்கள், உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு, நீதிமன்ற உத்தரவு இப்படி. சிகிச்சை விஷயத்தில் துணை நிற்க நியமிக்கப்பட்ட நியமனப் பிரதிநிதி என்று ஒருவர் இருந்தால்கூட அவர் கடமையைச் செய்யத் தேவையான விவரம்தான். கணவர் என்ற ஒரே காரணத்துக்காக நோட்டை விரித்துக் காட்டச் சொல்லி எங்கேயும் இல்லை. இந்தச் சட்டம் கவுன்சிலருக்கும் பொருந்துமா என்ற வாதத்துக்குள் போகாமல் இதே அளவுகோலை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் சட்டம் பேச வேண்டாம், அவர் மனைவி உங்களிடம் வருகிறார் என்பதையே ஒத்துக்கொள்ளவும் வேண்டாம். "ஏனுங்கண்ணா, இங்க யார் வர்றாங்க, யார் வர்றதில்லைங்கறதயே நான் யாருகிட்டயும் சொல்றதில்லைங்க. நாளைக்கு நீங்களே வந்தாலும், உங்க வீட்ல வந்து கேட்டா இதேதான் சொல்லுவேன்." பெரும்பாலும் இதற்கு மேல் பேச மாட்டார்கள், தனக்கும் அதே காவல் உண்டு என்று கேட்டதும் முகம் மாறும். சித்தப்பா கேட்டாலும் அதே பதில்தான், "சொல்றதில்லைங்க சித்தப்பா" என்று சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுங்கள். ஆனால் இன்னொன்று முக்கியம்: அவர் வந்து கேட்டதை அந்தப் பெண்ணுக்கு அடுத்த செஷனில் தனியாகச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போன் செய்து சொல்லாதீர்கள், போனை யார் எடுப்பார் என்று உங்களுக்குத் தெரியாது. வீட்டில் அவருக்குப் பயம் இருக்கிறதா என்று அன்றைக்குக் கட்டாயம் கேளுங்கள், கேட்டதை எழுதுங்கள்.

அந்தப் பெண்ணே தன் ரெக்கார்டைக் கேட்டால் கதை வேறு. அதே 2017 சட்டத்தின் 25-ஆம் பிரிவு அவருக்கு அந்த உரிமையைக் கொடுக்கிறது. படித்தால் அவருக்குக் கடுமையான மனத் துன்பமோ வேறொருவருக்குத் தீங்கோ வரும் என்ற பகுதியை மட்டும் நிறுத்திவைக்கலாம், அப்போதும் மனநல வாரியத்தில் முறையிடலாம் என்று அவருக்குச் சொல்லியாக வேண்டும். தம்பதியாக வருகிறவர்களுக்கு இருவர் சேர்ந்து வந்த செஷனுக்கு ஒரு ஃபைல், தனியாக வந்ததற்குத் தனித்தனி ஃபைல் என்று முதல் நாளே பிரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒருவர் நகல் கேட்கும்போது மற்றவர் தனியாகச் சொன்னதும் சேர்ந்தே போய்விடும். வக்கீல் நோட்டீஸ் வந்தது என்று பயந்து ஃபைலைக் கொடுத்துவிடாதீர்கள், கொடுக்க வேண்டியது நீதிமன்ற உத்தரவுக்குத்தான், அப்போதும் சீலிட்ட உறையில் தர அனுமதி கேளுங்கள், உங்கள் சார்பில் ஒரு வக்கீலையும் பார்த்துவிடுங்கள். சம்மன் வந்த பிறகு நோட்ஸில் ஒரு எழுத்தைக்கூடத் தொடக் கூடாது. சாதாரண நாளில் தப்பாக எழுதிவிட்டால் வொயிட்னர் வேண்டாம், ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் தேதியும் சின்னக் கையெழுத்தும்.

இப்போது ஆப். உண்மையைச் சொன்னால், உங்கள் அளவு பிராக்டிஸுக்குப் பூட்டுப் போட்ட இரும்பு பீரோவும் டேக் ஃபைலும் போதும். கம்ப்யூட்டர்தான் வேண்டும் என்றால் வீட்டில் குழந்தைகள் விளையாடும் லேப்டாப் ஆகாது. தனி லேப்டாப், டிஸ்க் முழுக்க என்கிரிப்ட் செய்தது, பேக்கப் ஒன்று வேறு இடத்தில், அதுவும் பாஸ்வேர்டோடு. செஷனை ரெக்கார்டு செய்து தானாகவே நோட்ஸ் எழுதித்தரும் ஏஐ ஆப்கள் நிறைய வருகின்றன. அந்தக் குரல் எந்த சர்வருக்குப் போகிறது, எத்தனை நாள் அங்கே இருக்கிறது என்று உங்களால் கிளையன்டுக்கு விளக்கிச் சொல்லி எழுத்தில் சம்மதம் வாங்க முடியுமா? முடியாதென்றால் தொடாதீர்கள்.

பழசை என்ன செய்வது என்று கேட்பீர்கள். மூன்று வருஷத்தையும் திருப்பி எழுத உட்காராதீர்கள், முடியாது, அதோடு ஞாபகத்திலிருந்து எழுதியதைப் பழைய தேதி போட்டு வைப்பது நேர்மையும் ஆகாது. இப்போது வந்துகொண்டிருப்பவர்களுக்கு மட்டும் ஆளுக்கு ஒரு பக்கச் சுருக்கம், இன்றைய தேதி போட்டு, "முந்தைய செஷன்களின் சுருக்கம், பின்னர் எழுதியது" என்று தலைப்பிட்டு. வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ்களைக் கேட்டு வேண்டியதை அந்தப் பக்கத்தில் ஏற்றிவிட்டு அழியுங்கள், கூகுள் பேக்கப்பில் இருப்பதையும் மறக்காமல் பாருங்கள். வராமல் நின்றுபோனவர்களின் துண்டுச்சீட்டுகளை எண் போட்ட கவரில் போட்டு ஒட்டிவிடுங்கள்.

எத்தனை வருஷம் வைக்க வேண்டும் என்பதற்கு ஒரே விதி இல்லை. மருத்துவர்களுக்கான 2002 விதிமுறை உள்நோயாளி ரெக்கார்டுக்கு மூன்று வருஷம் என்கிறது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் வழிகாட்டுதல் கடைசிச் சந்திப்பிலிருந்து ஏழு வருஷம், சிறு வயதினருக்கு மேஜரான பிறகு மூன்று வருஷம், இரண்டில் எது பின்னால் வருகிறதோ அதுவரை. நான் ஏழு வருஷத்தைப் பிடித்துக்கொள்கிறேன், நீங்களும் அப்படியே செய்யலாம். காலம் முடிந்ததைப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாதீர்கள், பேக்கரியில் ஒருவர் போண்டா சாப்பிடும் காகிதத்தில் தன் பக்கத்து வீட்டுக் கதையைப் படித்துக்கொண்டிருப்பார். ஷ்ரெட்டர் இல்லாவிட்டால் கையால் கிழித்துத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கூழாக்கிவிடுங்கள்.

அப்புறம், உங்களுக்கு ஒரு நாள் உடம்புக்கு முடியாமல் போனால் பீரோ சாவி எங்கே, அந்த எண் நோட்டு எங்கே, யாருக்கெல்லாம் போன் செய்து சொல்ல வேண்டும் என்று தெரிந்த ஒரு ஆள் வேண்டும். வீட்டு ஆளாக இருக்கக் கூடாது, இதே தொழிலில் இருக்கும் ஒரு தோழியாக இருக்கட்டும். கோயம்புத்தூரிலோ ஈரோட்டிலோ இருந்தால் இன்னும் நல்லது, திருப்பூரில் இருந்தால் உங்கள் கிளையன்டில் பாதிப் பேரை அவருக்கும் தெரிந்திருக்கும்.